நைனாவின் குரலும் ஓர் ஏடி3 கோப்பும்

ஆணி அதிகம், அதனால் கடைப்பக்கம் வந்து நாளாச்சு. வருடக் கணக்கெல்லாம் ஒருவழியாக முடித்து இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டிகளுக்குள் இருக்கிற பாட்டுக் கோப்புகளின் வரலாற்றை எழுதப் போகிறேன். 'கேம் எல்லாம் நமக்கெதுக்கு' என்று மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். இது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் கேசட் பெட்டியைப் பற்றியதும்தான்.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி.

எங்க ஊர் பிச்சாட்டூர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் தாண்டிப் போனால் ஆரணியாறு அணைக்கட்டு வரும், அந்த ஊர். நான் கிளம்பும்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டமாகிவிட்டது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது கூத்துக்குப் பின்பாட்டுப் பாடுவார். 1994இல் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டூ-இன்-ஒன் செட்டை மேடைக்குக் கீழே வைத்து அறுபது நிமிட கேசட் ஒன்றில் அதைப் பதிவு செய்து கொடுத்தார். நைனா குரல் பதிவானது அந்த ஒரு தடவைதான்.

2006இல் நான் சிங்கப்பூர் வந்தபோது அந்த கேசட்டையும் எடுத்து வந்தேன். இங்கே அக்கா வீட்டுக் கணினியில் ஒரு ஒயரை மாட்டி எம்பி3யாக மாற்றினேன். வட்டில் இடம் இல்லை என்று 64 கேபிபிஎஸ்ஸில் சுருக்கினேன். 'இது போதும்' என்று கேசட்டை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பி.காம் படித்தவன் செலவைக் குறைக்கிற இடம் எப்போதும் தப்பான இடமாகத்தான் இருக்கும் :-)

அடுத்த வருஷம், அக்கா பையன் அப்போது எட்டாவது, சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பிஎஸ்பியை என் கையில் கொடுத்து, "மாமா, காதுல வெச்சுக் கேளுங்க" என்றான். கார் ரேஸ் ஓடுகிறது. பின்னணியில் நைனா பாடிக்கொண்டிருக்கிறார்! கேமில் இருந்த பாட்டைப் பிடுங்கிவிட்டு என் எம்பி3யிலிருந்து ஒரு துண்டை உள்ளே வைத்திருக்கிறான். எனக்கு வந்ததே கோபம். "தாத்தா பாட்டு உனக்கு கார் ஓட்டறதுக்கா கிடைச்சுது?" என்று கத்திவிட்டேன். பையன் முகம் சுருங்கிப் போச்சு.

கொசுவர்த்தியை இங்கே நிறுத்தி வைக்கிறேன். அவன் என்ன செய்தான் என்று புரிய, வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

செக்கும் ரொக்கமும்

இசையைக் கணினியில் வைக்க அடிப்படையில் இரண்டே வழி. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் ஒன்று செக், இன்னொன்று ரொக்கம்.

நோக்கியா 3310 நினைவிருக்கிறதா? அதில் நாமே ஸ்வரம் ஸ்வரமாகத் தட்டி சினிமாப் பாட்டு ரிங்டோன் செய்யலாம். திருப்பதியில் எங்கள் மேன்ஷனில் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்த ஆள் உண்டு. நாம் தட்டியது ஒலி இல்லை. 'இந்த ஸ்வரத்தை இவ்வளவு நேரம் ஊது' என்கிற கட்டளை. இதுதான் செக். தாள் எடையே இல்லை. ஆனால் அதைப் பணமாக்க எதிரே ஒரு வங்கி திறந்திருக்க வேண்டும். போனுக்குள் இருக்கும் ஒலிச் சில்லுதான் அந்த வங்கி. கீபோர்டுகளும் கணினிகளும் இப்படிக் கட்டளை பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையும் இதே ஜாதிதான்.

ரொக்கம் என்பது ஒலியையே அளந்து வைப்பது. சிடியில் நொடிக்கு 44,100 தடவை, இரண்டு காதுக்கும் தனித்தனியாக அளக்கிறார்கள். நொடிக்கு 1,76,400 பைட். எந்த வங்கியும் வேண்டாம், அப்படியே செல்லும். ஆனால் மூட்டை கனம்.

1989இல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி கேம்பாயை வெளியிட்டபோது ரொக்கத்துக்கு வழியே இல்லை. கேம்பாய் டெட்ரிஸ் மொத்தமும், படம், விதி, பாட்டு எல்லாம் சேர்த்து, 32 கிலோபைட். சிடி கணக்கில் அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! அதற்குள் அந்த ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டு எப்படி நுழைந்தது? செக்காகத்தான். கேம்பாய் சில்லில் நான்கு குரல்கள். இரண்டு சதுர அலை, 32 புள்ளிகளில் நாமே வரைந்துகொள்ளும் அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று. பாட்டு என்று தனியாக ஒரு கோப்பே கிடையாது. அது கேமின் நிரலோடு நிரலாகக் கலந்திருக்கும்.

பின்னால் வந்த ரசிகர்கள் பாட்டை வாசிக்கும் நிரல் பகுதியை மட்டும் அறுத்து எடுத்து ஜிபிஎஸ் என்ற கோப்பாக்கினார்கள். அதைக் கேட்க வேண்டுமென்றால் கணினிக்குள் கேம்பாய் சில்லு மாதிரியே ஒன்றை நடிக்க வைக்க வேண்டும். மூடிப்போன வங்கிக்கு ஒரு கவுண்டரை நாமே கட்டி செக்கை மாற்றிக்கொள்வது போல. 1998இல் நானோலூப், 2000இல் லிட்டில் சவுண்ட் டிஜே என்ற மென்பொருள்கள் வந்து கேம்பாயையே இசைக்கருவி ஆக்கிவிட்டன.

கமகத்தில் மாட்டிக்கொண்ட செக்

2001இல் கேம்பாய் அட்வான்ஸ். பழைய நான்கு குரலோடு, பதிவு செய்த ஒலியை இசைக்க இரண்டு வழிகள் சேர்ந்தன. நின்டெண்டோ தன் கேம் கம்பெனிகளுக்கு ஒரு இசை இயந்திரத்தைக் கொடுத்தது. மிடி கோப்பை உள்ளே போட்டால் கேமுக்கான கட்டளையாக மாற்றிக்கொள்ளும். ஏராளமான கேம்கள் அந்த ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தியதால், அதைப் பிரித்துப் படித்த பையன்களுக்கு ஒரு சாவியில் பல பூட்டு திறந்தது. போக்கிமான் கேம்களில் ஆளாளுக்குப் பாட்டு மாற்ற ஆரம்பித்தார்கள். அந்த இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'சாப்பி'.

ஆனால் செக்கின் குணம் மாறவில்லை. வாத்தியங்கள் கேமினுடையவை. நீங்கள் நாதஸ்வரத்துக்கு எழுதி அனுப்பினால் அங்கே இருக்கிற டிரம்பெட் வாசிக்கும்.

நமக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. மிடி ஜாதி முழுக்க பியானோ கட்டைகளை மனதில் வைத்துப் பிறந்தது. ஒரு கட்டை, ஒரு ஸ்வரம். நம் பாட்டு ஒரு ஸ்வரத்தில் நிற்பதே இல்லையே! விருத்தம் பாடும்போது குரல் ஸ்வரத்தைத் தொட்டு, வழுக்கி, அசைந்து, திரும்பி வரும். மிடியில் சுருதியை வளைக்கக் கட்டளை இருக்கிறதுதான். ஆனால் ஒரு கமகத்துக்கு அந்த வளைவை நூறு இடத்தில் எழுத வேண்டும். எழுதினாலும் வருவது சுருதி மட்டும். தொண்டை வராது. பின்பாட்டுக்காரர் குரலை செக்கில் அனுப்ப முடியாது. ரொக்கம்தான்.

ஐஎஸ்டி பேசிய அதே கணக்கு

2004இல் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று நின்டெண்டோ டிஎஸ். அதில் இசைக்கென்று எஸ்டாட் என்ற பெரிய பொட்டலம். உள்ளே கட்டளைகள் ஒரு கட்டு, வாத்தியப் பட்டியல் ஒரு கட்டு, ஒலித் துணுக்குகள் ஒரு கட்டு, முழுசாகப் பதிவு செய்த பாட்டுகள் ஒரு கட்டு. செக்கும் ரொக்கமும் ஒரே பெட்டகத்தில். ரொக்கத்தைச் சுருக்க அது பயன்படுத்திய முறைகளில் ஒன்று ஏடிபிசிஎம்.

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாஸ்புக்கில் தினமும் முழு பாக்கியை எழுதாமல், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் எழுதுவது, அவ்வளவுதான். வித்தியாசம் பெரிசாகப் பெரிசாக அளவுகோலையும் பெரிசாக்கிக்கொள்வார்கள். 16 பிட்டில் எழுத வேண்டியது 4 பிட்டில் முடிந்துவிடும்.

இந்த முறை கேமுக்காகப் பிறக்கவில்லை, டெலிபோனுக்காகப் பிறந்தது. 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை. எழுதிய மூவரில் ஒருவர் என்.எஸ். ஜெயந்த், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1984இல் இது உலகத் தொலைபேசித் தரமாகி, 64 கேபிபிஎஸ் பேச்சை 32இல் அடக்கியது. ஒரே கம்பியில் இரண்டு மடங்கு ஆட்கள் பேசலாம் என்பதால் நாடு விட்டு நாடு போகும் தடங்களில் இதைப் போட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அட்டையைச் சுரண்டி, "ஹலோ, ஹலோ, அம்மா, கேக்குதா?" என்று கத்தியிருப்போம்! அந்தக் காலத்து ஐஎஸ்டி குரல்களில் எத்தனையோ இந்த வழியாகச் சுருங்கித்தான் ஊருக்குப் போயின. பிறகு அதே கணக்கு பிள்ளைகளின் கேமிலும் வந்து உட்கார்ந்தது.

காது கேட்காததை எறிந்துவிடு

2004இன் இரண்டாவது பெட்டி சோனியின் பிஎஸ்பி. 1.8 ஜிகாபைட் குட்டி வட்டு, யுஎம்டி. இனி ரொக்கத்துக்குப் பஞ்சமில்லை. சோனி தன் சொந்த முறையான அட்ராக்கைக் கொண்டு வந்தது. இது 1992இல் மினிடிஸ்குக்காகப் பிறந்தது. சிடியில் இருப்பதை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, கைக்கடக்கமான வட்டில் 74 நிமிடம் அடைத்தார்கள். அடுத்து அட்ராக்3, அதற்கடுத்து அட்ராக்3 பிளஸ். பிஎஸ்பி கேம்களுக்குள் இருக்கும் ஏடி3 கோப்புகள் இவைதான்.

இதன் சூத்திரம் எம்பி3யின் சூத்திரமேதான். பலமான ஒலிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மெல்லிய ஒலி இருந்தால் காது அதைக் கேட்பதில்லை. கேட்காததை எதற்கு வைப்பது? எறிந்துவிடு. பேச்சைச் சுருக்குவதில் இந்த மறைப்பைப் பயன்படுத்தலாம் என்று 1979இல் எழுதிய மூவரில் ஒருவரும் நம்மவர். கான்பூரில் பிறந்து, பெங்களூரில் பாடம் நடத்தி, பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல்.

சரி, அப்படியென்றால் கேமில் நேராக எம்பி3யே போட வேண்டியதுதானே? கேம் பாட்டுக்கு ஒரு விசேஷத் தேவை உண்டு. அது முடியக்கூடாது. நீங்கள் ரேஸ் முடிக்கும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். அதனால் திரும்பி வரும் இடத்தில் ஒரு விக்கல் கேட்கும். ஏடி3 கோப்பின் வெளி உறை நமக்குத் தெரிந்த வேவ் கோப்பு உறைதான், உள்ளே இருக்கும் கடிதம்தான் சோனி பாஷை. அந்த உறையில் 'இந்த இடம் வந்ததும் அந்த இடத்துக்குத் திரும்பு' என்று இரண்டு எண்கள் எழுதி வைக்கலாம். பாட்டு முடிவதே இல்லை.

பையன் செய்தது

இப்போது அக்கா பையனிடம் வருவோம். சொந்தமாக வாங்கிய யுஎம்டியை மெமரி ஸ்டிக்கில் நகலெடுத்து, அதைப் பிரித்து, பாட்டுக் கோப்பைக் கண்டுபிடித்திருக்கிறான். மாற்றுக் கோப்பு பழையதைவிட ஒரு பைட்கூடப் பெரிசாக இருக்கக்கூடாது. இருந்தால் அடுத்த கோப்பின் இடத்தில் ஏறி உட்கார்ந்து, கேம் படுத்துவிடும். பழைய கோப்பு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, 128 கேபிபிஎஸ்ஸில். ஒரு நிமிஷத்துக்கு 960 கிலோபைட். சிடியில் அதே ஒரு நிமிஷம் பத்தரை மெகாபைட் பிடிக்கும்.

அறுபது நிமிஷ கேசட்டில் ஒரே ஒரு நிமிஷம். எதை எடுப்பது? அவன் எடுத்தது நைனா தனியாக விருத்தம் இழுக்கும் இடம். மிருதங்கம் வந்தால் சுற்றி வரும்போது தாளம் இடிக்கும் என்று அதைத் தவிர்த்திருக்கிறான். எட்டாவது படிக்கும் பையன்! திரும்பும் புள்ளியை நைனா மூச்சு எடுக்கும் இடத்தில் வைத்திருக்கிறான். இதையெல்லாம் நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கத்தினேன், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் அந்தக் கணினியின் வட்டு போயிற்று, எம்பி3யும் போயிற்று. 'கேசட் ஊரில் இருக்கிறதே' என்று இருந்தேன். 2011இல் நைனா போய்ச் சேர்ந்தார். 2015 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அம்மா எடுத்து வெயிலில் காயவைத்த சாமான்களில் அந்த கேசட்டும் ஒன்று. நாடா ஒன்றோடொன்று ஒட்டி, உரிந்து வந்துவிட்டது.

மூடிய வங்கி, திறந்த கவுண்டர்

2023இல் அக்கா வீடு மாறினார். அட்டைப் பெட்டியில் அந்த பிஎஸ்பி. பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் மெமரி ஸ்டிக் இருந்தது, அதில் கேமின் நகல் இருந்தது, நகலுக்குள் ஏடி3 இருந்தது.

அதற்குள் சோனியின் வங்கிகள் வரிசையாக மூடியாகிவிட்டன. அட்ராக் பாட்டு விற்ற கனெக்ட் கடையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூடப்போவதாக 2007இல் சொன்னார்கள். மினிடிஸ்க் இயந்திரங்கள் 2013இல் நின்றன. பிஎஸ்பி 2014இல் நின்றது. (பதிவு செய்யும் வெற்று மினிடிஸ்குகளையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள்.) அட்ராக்3 பிளஸ்ஸை எப்படிப் பிரிப்பது என்று சோனி ஊருக்குச் சொல்லவில்லை. 2012இல் பிபிஎஸ்எஸ்பிபி என்ற மென்பொருள் கணினியிலும் போனிலும் பிஎஸ்பி கேம்களை ஓட வைத்தபோதுகூட, ஆரம்பத்தில் இந்தப் பாட்டுகளைக் கேட்க ஒரு துணை நிரலைத் தனியாகப் போட வேண்டியிருந்தது.

அப்புறம் எப்படித் திறந்தது? பொழுதுபோக்காகப் பிரித்து மேய்ந்தவர்களால். பிட் பிட்டாக அந்தக் கடிதத்தைப் படித்து, பாஷையைக் கண்டுபிடித்து, 2014இல் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் சேர்த்தார்கள். இன்றைக்கு எந்தக் கணினியிலும் ஒரே வரிக் கட்டளையில் ஏடி3 சாதாரண வேவ் கோப்பாகிவிடுகிறது. அக்கா பையன் இப்போது மெல்பர்னில் வேலையில் இருக்கிறான். வீடியோ காலில் எனக்கு அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தான். பத்து நொடி. நைனா பாட ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் நான்தான், "டேய், அன்னிக்கு மாமா உன்னைத் திட்டினதுக்கு..." என்று இழுத்தேன். "விடுங்க மாமா, கேக்கட்டும்" என்றான்.

கமிஷன்

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு நாணய மாற்றுக் கமிஷன் தெரியும். வெள்ளியை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கி, திரும்ப வெள்ளியாக்கினால் போட்ட பணம் வராது. ஒலியும் அப்படித்தான். கேசட்டிலிருந்து எம்பி3, அதிலிருந்து ஏடி3 என்று ஒவ்வொரு சுருக்கலும் ஒரு கமிஷன் எடுத்துக்கொண்டது.

என்ன போயிற்று என்று எனக்குத் தெரியும். அந்த கேசட்டில், நைனா இழுக்கும் அந்த விருத்தத்துக்கு அடியில், ஆர்மோனியத்துக்குப் பின்னால், அம்மா யாரையோ "சத்தம் போடாதீங்க" என்று அதட்டுவது லேசாகக் கேட்கும். சின்ன வயசில் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இப்போது இருக்கும் கோப்பில் அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் அம்மா இல்லை. பலமான ஒலிக்கு அடியில் இருந்த மெல்லிய ஒலி. கணக்குப்படி காதுக்குக் கேட்காதது. எறிந்துவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதுக்கென்னடா, நான் நேர்லயே அதட்டறேன், ஊருக்கு வா" என்றார் :-)

ஆகவே மக்களே, வங்கிக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டில் கேசட் இருந்தால் இந்த லீவிலேயே மாற்றுங்கள். முதல் நகலைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அறுநூற்று முப்பத்தைந்து மெகாபைட்தான் ஆகும், இன்றைக்கு அது ஒரு செலவே இல்லை. சுருக்கின நகலை மற்றவர்களுக்குக் கொடுங்கள், அசலைச் சுருக்காதீர்கள். இரண்டு ஊரில் இரண்டு நகல் இருக்கட்டும். மாற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பையன் எதையாவது பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன்னால், என்ன செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிரித்தெடுத்த அந்தக் கோப்பை அவன் வைத்த இரண்டு எண்களோடு அப்படியே ஒரு நகலும் வைத்திருக்கிறேன். ராத்திரி சில நாள் போட்டுவிட்டுப் படுப்பேன். ஒரு நிமிஷம் முடிகிறது. நைனா மூச்சு எடுக்கிறார். மறுபடி ஆரம்பிக்கிறார்.

டிஸ்கி: சொந்தமாக வாங்கிய கேமில் வீட்டுக்குள் செய்தது இது. அடுத்தவர் கேமையும் பாட்டையும் ஊருக்கு விநியோகிப்பது வேறு சமாச்சாரம், அதற்கு நான் ஆளில்லை. உங்கள் வீட்டில் தப்பிப் பிழைத்த குரல்கள் ஏதாவது உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.